ஒரு பக்கம் போதுமா, மறு பக்கம் எப்போது? பால் கொடுத்தவர்களின் அனுபவங்கள்

தொடங்கியவர்:

மூத்தவளுக்குப் பால் கொடுத்த முதல் மாதம், அவள் முகத்தைப் பார்த்ததைவிட போனில் மணி பார்த்ததுதான் அதிகம். "ஒரு பக்கம் பத்து நிமிஷம், மறு பக்கம் பத்து நிமிஷம், சரியா?" என்று பிரசவமான மறுநாள் ஒரு செவிலியர் சொல்லிவிட்டுப் போனார். அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். அலாரம் அடிக்கும். அவள் கண்ணை மூடி நிதானமாக விழுங்கிக்கொண்டிருப்பாள். நான் கடைவாயில் சுண்டுவிரலை விட்டுப் பிடியை விடுவித்து மறு பக்கம் மாற்றுவேன். அங்கே பால் வேகமாக இறங்கும், புரையேறும், அழுவாள். அரை மணி நேரத்தில் மறுபடி பசி. பால் போதவில்லையோ என்று நானும் அழுவேன்.

என் அம்மா ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டார்: "சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவ முன்னாடி இருந்து நேரமாச்சுன்னு தட்டைப் பிடுங்குவியா?"

ஆறாவது வாரம் தாய்ப்பால் ஆலோசகர் ஒருவரைப் பார்த்தேன். அவர் எத்தனை நிமிடம் என்று கேட்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "கொடுங்க, பார்ப்போம்" என்றார். பிறகு, "இந்தச் சத்தம் கேட்குதா?" என்றார். அதுவரை நான் கவனிக்காத சத்தம். முதலில் குழந்தை குட்டிக் குட்டியாக, வேக வேகமாக உறிஞ்சுகிறது. அது பாலை இறங்கச் செய்வதற்கு. பால் இறங்கியதும் தாடை ஆழமாகக் கீழே இறங்கி ஒரு நொடி நிற்கிறது, பிறகு தொண்டையில் மெல்ல ஒரு 'க்'. ஒன்றிரண்டு உறிஞ்சலுக்கு ஒரு விழுங்கல். இது நடக்கிறவரை பக்கம் மாற்ற வேண்டாம். கொஞ்ச நேரம் போனதும் விழுங்கல் குறைந்து, தாடை மட்டும் படபடவென்று துடிக்கும். அப்போது மார்பை ஒரு கையால் அடியிலிருந்து வலிக்காமல் மெல்ல அழுத்திப் பிடிக்கச் சொன்னார். மறுபடி விழுங்கினால் அதே பக்கம். இரண்டு மூன்று முறை அழுத்தியும் விழுங்கவில்லையென்றால் மாற்றலாம். பல நேரம் அதற்கும் அவசியம் இருக்காது. மூடியிருந்த கை விரிந்து, உடம்பு தளர்ந்து, தானாகவே விட்டுவிடும். தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, டயப்பரைப் பார்த்துவிட்டு, மறு பக்கத்தைக் காட்டிப் பார்க்க வேண்டும். வேண்டுமென்றால் குடிக்கும். வேண்டாமென்றால் அடுத்த முறை அந்தப் பக்கத்தில் தொடங்கினால் போதும்.

முதலில் வருவது நீர்த்த முன்பால், கடைசியில் வருவது கொழுப்பான பின்பால், சீக்கிரம் மாற்றினால் பின்பால் கிடைக்காது என்ற பயத்தையும் அன்றைக்கே தீர்த்து வைத்தார். மார்புக்குள் இரண்டு தனித்தனிப் பால் இல்லை. நிறைந்திருக்கும்போது வருகிற பாலில் கொழுப்பு குறைவு. மார்பு வடிய வடிய அது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் குடித்திருந்தால் இந்த முறை தொடக்கத்திலேயே கொழுப்பு அதிகமாக இருக்கும். அதனால் இத்தனாவது நிமிடத்தில் பின்பால் வரும் என்று ஒரு கணக்கே கிடையாது.

இதோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். இரண்டாவதாக மகன் பிறந்தான். எனக்கு எல்லாம் தெரியும் என்று இருந்தேன். தானாக விடும்வரை மாற்றுவதில்லை என்று உறுதியாக இருந்தேன். அவனுக்குக் கொஞ்சம் மஞ்சள் காமாலை. சொக்கிச் சொக்கித் தூங்குவான். ஒரே பக்கத்தில் நாற்பது நிமிடம் வாயில் வைத்துக்கொண்டே கிடப்பான். நிதானமாகக் குடிக்கிறான் என்று நானும் காத்திருந்தேன். ஐந்தாம் நாள் எடை பார்த்தபோது பிறந்த எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தது. முந்தின நாள் முழுக்க மூன்றே டயப்பர்தான் நனைந்திருந்தது என்பதை டாக்டர் கேட்ட பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். இப்போது எழுதும்போதும் வயிறு கலங்குகிறது.

அதே ஆலோசகர்தான் வந்தார். இந்த முறை நேர்மாறாகச் சொன்னார். விழுங்கல் குறைந்த உடனே மாற்றுங்கள், தூங்கவிடாதீர்கள், வலம், இடம், மறுபடி வலம், மறுபடி இடம் என்று ஒரே வேளையில் நான்கு தடவைகூட மாற்றலாம். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் முழித்துக்கொள்வான், புதிதாகப் பால் இறங்கும். முடிந்ததும் கையால் பீய்ச்சி ஸ்பூனில் கொடுங்கள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. "அன்னைக்கு மாத்தாதேன்னு சொன்னீங்களே?" என்றேன். "ரெண்டு குழந்தைக்கும் நான் ஒண்ணுதான் சொன்னேன்மா. விழுங்குதா பாருங்க" என்றார்.

பதினான்காம் நாள் மகன் பிறந்த எடையைத் தொட்டான். நீங்கள் எதை வைத்துப் பக்கம் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். முதல் குழந்தைக்காரர்கள் படிக்கிறார்கள்.

பால் அதிகம் சுரந்தவர்:

எனக்கு உங்கள் மகனின் கதைக்கு எதிர்ப்பக்கம். ஒரு பக்கம் குடிக்கும்போது மறு பக்கம் சொட்டிச் சட்டை நனைந்துவிடும். வீணாகிறதே என்று ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடுவேன். மடக் மடக்கென்று விழுங்குவாள், இருமுவாள், திமிறுவாள். எடை நன்றாகவே ஏறியது. ஆனால் நாள் முழுக்க வாயு, முக்கல், பச்சையாக நுரை நுரையாக மலம். கொழுப்பு குறைந்த பாலையே இரு பக்கத்திலும் வயிறு நிறையக் குடித்ததில் லாக்டோஸ் சர்க்கரை குடலுக்குள் வேகமாகப் போய் நுரைத்துக்கொண்டு வருகிறது என்று விளக்கினார்கள். பச்சை மலத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால் குழந்தைகள் மருத்துவர் பார்த்த பிறகே இந்த முடிவுக்கு வந்தார்கள்.

சொன்ன மாற்றம் இதுதான்: ஒரு வேளைக்கு ஒரு பக்கம் மட்டும். மூன்று மணி நேரத்துக்குள் திரும்பக் கேட்டாலும் அதே பக்கம். மறு பக்கம் கனத்து வலித்தால் பாரம் குறைகிற அளவுக்கு மட்டும் பீய்ச்சலாம், முழுக்க வடிக்கக் கூடாது. மார்பில் பால் தங்கினால், சுரப்பைக் குறைக்கச் சொல்லி உடம்புக்கு அதுவே செய்தி. நான் பின்னால் சாய்ந்து படுத்து, அவளை மேலே போட்டுக் கொடுத்ததும் புரையேறுவது நன்றாகக் குறைந்தது. ஒரு வாரத்தில் மலம் மஞ்சளானது.

அதற்குப் பிறகு நான் செய்த தவறைத்தான் முக்கியமாக எழுத வந்தேன். சரியான பிறகும் நிறுத்தவில்லை. இன்னும் மூன்று வாரம் அப்படியே தொடர்ந்தேன். சுரப்பு இறங்கி, எடை ஏறுவது மந்தமானது. மறுபடி இரு பக்கமும் கொடுத்துத்தான் மீட்டேன். இதற்கு நடுவே காத்திருந்த பக்கம் ஒரு நாள் கல்லாக இறுகி, சிவந்து, காய்ச்சலும் வந்தது. கட்டியை அழுத்தித் தேய்த்து வடிக்கப் பார்த்ததில் வீக்கம் கூடியது. தேய்க்கவே கூடாதாம். குளிர்ந்த துணி வைத்து, குழந்தைக்கு வழக்கம்போலக் கொடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதனால் தோழிகளே, ஒரு பக்கம் மட்டும் கொடுக்கும் முறையை யாரோ சொன்னார்கள் என்று நீங்களாகத் தொடங்காதீர்கள். முதல் சில வாரங்களில் கண்டிப்பாக வேண்டாம். சுரப்பு நிலைப்பட வேண்டிய காலம் அது.

இரவுக்கார அம்மா:

தூக்கக் கலக்கத்தில் எந்தப் பக்கம் கடைசி என்பதே மறந்துவிடும். அடுத்து தொடங்க வேண்டிய பக்கத்து உடுப்பில் ஒரு ஊக்கு குத்தி வைத்தேன். மூன்றாவது மாதம் அதுவும் தேவைப்படவில்லை. கையால் தாங்கிப் பார்த்தாலே எது கனம் என்று தெரிந்துவிடுகிறது.

இரட்டையரின் அம்மா:

ஆளுக்கு ஒரு பக்கம். மறுநாள் பக்கம் மாற்றிவிடுவேன். ஒருத்தன் பலமாக உறிஞ்சுவான், இன்னொருத்தி சீக்கிரம் களைத்துவிடுவாள். பக்கத்தை மாற்றாமல் விட்டால் அவள் குடிக்கிற மார்பில் சுரப்பு குறைந்துகொண்டே போகும். மாற்றினால் அவன் உறிஞ்சித் தூண்டிய பக்கம் அடுத்த நாள் அவளுக்குக் கிடைக்கும்.

இடது பக்கம் மறுத்த குழந்தையின் அம்மா:

மாற்றுவது எப்போது என்பதல்ல, மாற்றவே முடியாது என்பதுதான் என் பிரச்சினை. வலது பக்கம் சந்தோஷமாகக் குடிப்பான். இடது பக்கம் திருப்பிப் படுக்க வைத்ததும் வில்லாக வளைந்து அலறுவான். "அந்தப் பக்கம் பால் கசக்குதோ என்னவோ" என்று அத்தை சொல்ல, நானும் பாதி நம்பிவிட்டேன். தடுப்பூசிக்குப் போனபோது மருத்துவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கத் தசை இறுகியிருந்தது. அவனுக்கு அந்தப் பக்கம் தலையைத் திருப்புவதே வலி.

உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். அது பலன் தரும்வரை ஒரு வழி உதவியது: வலது பக்கம் குடித்து முடித்ததும் அவனைத் திருப்பாமல், படுத்த வாக்கிலேயே அப்படியே நகர்த்தி இடது மார்புக்குக் கொண்டுவருவேன். கால்கள் என் கை இடுக்கு வழியாகப் பின்னால் போகும். அவனைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை, குடித்தான்! முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுதுவிட்டேன். இன்னொன்றும் அந்த மருத்துவர் சொன்னார். நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று ஒரு பக்கத்தை மட்டும் மறுத்தால், அந்த மார்பில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக் காட்டிவிட வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனாலும் பார்க்க வேண்டும்.

ஓய்வுபெற்ற செவிலியர்:

முதல் பதிவில் வருகிற அந்தப் பத்து நிமிடச் செவிலியர் நானாக இருந்திருக்கலாம். பல வருடம் நானும் அதையேதான் சொன்னேன். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அதிக நேரம் கொடுத்தால் காம்பு புண்ணாகும் என்று நினைத்த காலம் அது. புண்ணாவது நேரத்தால் இல்லை, குழந்தை காம்பை மட்டும் கவ்வுவதால். வாய் அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருமையான பகுதியையும் சேர்த்துப் பிடித்தால் அரை மணி நேரம் குடித்தாலும் புண்ணாகாது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து 1989-ல் வெளியிட்ட, தாய்ப்பால் கொடுப்பது வெற்றியாக அமைவதற்கான பத்துப் படிகளிலேயே, குழந்தை கேட்கும்போதெல்லாம் கொடுக்க ஊக்குவிக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆனாலும் வார்டுகளில் கடிகாரப் பேச்சு லேசில் போகவில்லை. அன்றைக்குச் சொன்னதற்காக மனதார வருந்துகிறேன்.

பிறகு எனக்குப் பெரிய தெளிவு கொடுத்தது 2006-ல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு. ஒன்று முதல் ஆறு மாதக் குழந்தைகளை 24 மணி நேரமும் எடை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சில குழந்தைகள் எப்போதும் ஒரு பக்கம் மட்டும், சில எப்போதும் இரு பக்கமும், பாதிக்கு மேல் சில வேளை ஒன்று, சில வேளை இரண்டு. எல்லாக் குழந்தைகளும் நன்றாகவே வளர்ந்தன. மார்பில் இருந்த பாலில் சராசரியாக 67 சதவீதம்தான் குடித்திருந்தன. அதனால் ஒரு பக்கம் முழுக்கக் காலியான பிறகுதான் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மார்பு அப்படிக் காலியாவதே அபூர்வம்.

பிறந்த முதல் நாட்களில் மட்டும் ஒவ்வொரு வேளையும் இரு பக்கமும் காட்டுங்கள், சுரப்பு கூடும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை. ஐந்தாம் நாளிலிருந்து ஆறு டயப்பராவது நன்றாக நனைய வேண்டும், மலம் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பியிருக்க வேண்டும். இவை சரியாக இருந்தால் ஒரு பக்கமோ இரண்டோ, குழந்தை விருப்பம். சரியாக இல்லையென்றால் இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் அன்றைக்கே காட்டுங்கள்.

பன்னிரண்டு நாள் குழந்தையின் அம்மா:

அக்கா, இப்போது மடியில் வைத்துக்கொண்டேதான் படிக்கிறேன். டயப்பர், எடை எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் நான்கைந்து நிமிடத்தில் வாயை எடுத்துவிட்டுக் கத்துகிறான். அந்தப் பக்கம் முடிந்துவிட்டது என்று உடனே மாற்றிவிடுகிறேன். அங்கேயும் அதே கதை. இப்போதும் அப்படித்தான் எடுத்துவிட்டான்.

தொடங்கியவர்:

மாற்றாதீர்கள் மா, கொஞ்சம் பொறுங்கள். வாயை எடுத்ததாலேயே முடிந்தது என்று அர்த்தமில்லை. வயிறு நிறைந்து வாயை எடுக்கிற குழந்தை கை விரிந்து தளர்ந்து விடும், கத்தாது. முதலில் நிமிர்த்திப் பிடித்து ஏப்பம் வருகிறதா என்று பாருங்கள். வந்தாலும் வராவிட்டாலும் அதே பக்கத்தை மறுபடி காட்டுங்கள். அங்கே மார்பை மெல்ல அழுத்தியும் விழுங்கவில்லை என்றால் மறு பக்கம் போகலாம்.

பன்னிரண்டு நாள் குழந்தையின் அம்மா:

பெரிய ஏப்பம் வந்தது அக்கா. அதே வலது பக்கம்தான், மறுபடி பிடித்துக்கொண்டான். அந்த 'க்' சத்தம் கேட்கிறது. போனை வைக்கிறேன்.