எம்ஆர்ஐ பிரிவில் பணிபுரிபவருக்கு ஏற்ற உயர்தரக் கைக்கடிகாரம் எது?

கேள்வி: அனைவருக்கும் வணக்கம். வேலூரில் ஒரு மருத்துவமனையின் எம்ஆர்ஐ பிரிவில் பணிபுரிகிறேன். ஆயுளுக்கும் கட்டக்கூடிய ஓர் ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் வாங்க எண்ணியுள்ளேன். ஒமேகா அக்வா டெர்ரா, ரோலெக்ஸ் ஆய்ஸ்டர் பெர்பெச்சுவல் ஆகிய இரண்டில் எது தக்கது?

பதில் 1: வணக்கம் தம்பி. உங்கள் பணியை வைத்துப் பார்த்தால் அக்வா டெர்ராவே என் தேர்வு. காந்தப்புலம் பட்டால் சாதாரணக் கடிகாரத்தின் ஓட்டத்தைச் சீராக்கும் மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, நேரம் தாறுமாறாக முந்தி ஓடும். ஒமேகா காந்தத்தால் பாதிக்கப்படாத சிலிக்கான் ஸ்பிரிங்கைப் பயன்படுத்துவதால், மாஸ்டர் குரோனோமீட்டர் என்ற துல்லியம், காந்த எதிர்ப்புக்கான சான்று பெற்ற அதன் கடிகாரங்கள் 15,000 காஸ் (காந்தப்புல அலகு) வரை தாங்குகின்றன. ஆயினும், 1.5 டெஸ்லா ஸ்கேனரின் புலமே அந்த அளவுதான் என்பதாலும், உலோகம் ஈர்க்கப்படும் என்பதாலும், ஸ்கேன் அறைக்குள் எந்தக் கடிகாரத்தையும் கட்டிச் செல்லவே கூடாது.

பதில் 2: ஐயா கூறியது சரியே. நம் ஊர் வெயிலில் தோல்வார் வியர்வையில் ஊறி விரைவில் நாறிவிடும் என்பதால், எஃகுப் பட்டையுடன் வாங்குங்கள். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் அருகிலேயே இருக்க, தோல்வாரைப் பிறகு தைத்துக்கொள்ளலாம்.

பதில் 3: அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமே வாங்குங்கள். உத்தரவாத அட்டையிலுள்ள வரிசை எண்ணைக் கடிகாரத்தில் பொறித்துள்ள எண்ணோடு கடையிலேயே ஒப்பிடுங்கள். இரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட கொள்முதலுக்குப் பான் எண் கட்டாயம்.