அம்மா வீட்டுக்கு ஆப்பிள் டிவியா, இருநூறு வெள்ளி (ரிங்கிட்) ஆண்ட்ராய்டு பெட்டியா?

பேராக்_பையன் (வெள்ளி, இரவு 9.40)
வணக்கம். நான் மலேசியா. எனக்கு ஷா ஆலமில் வேலை, அம்மா அப்பா பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில். இரண்டு தீபாவளிக்கு முன்னால் பசார் மாலாமில் (இரவுச் சந்தை) 180 வெள்ளிக்கு, டிவியில் செருகி இணையம் வழியாகச் சேனல் பார்க்கும் ஓர் ஆண்ட்ராய்டு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். “ஆயுள் முழுக்க சந்தாவே இல்ல தம்பி” என்றார் விற்றவர். எட்டாவது மாதம் பாதி சேனல் போய்விட்டது. யாருடைய ஆயுள் என்று அன்றைக்கே கேட்டிருக்கணும். இப்போது பெட்டி சூடாகி அதுவாகவே அணைந்து அணைந்து எரிகிறது.

இந்தத் தீபாவளிக்கு நல்லதாக ஒன்று வாங்க நினைக்கிறேன். ஆபீஸ் நண்பர் ஆப்பிள் டிவி 4கே வாங்கச் சொல்கிறார், அதுவும் டிவியில் செருகும் பெட்டிதான். தங்கச்சி அதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். அம்மாவுக்கு சீரியலும் யூடியூப் பக்திப் பாட்டும் போதும். அப்பாவுக்குப் பழைய படம். அவ்வளவு விலை கொடுக்கத் தகுமா?

கணக்குப்பிள்ளை (வெள்ளி, இரவு 10.05)
தகும். கணக்கோடு சொல்கிறேன்.

2018 முதல் நான் வாங்கிய மலிவுப் பெட்டிகள் மூன்று: 160, 199, 180. மொத்தம் 539 வெள்ளி. மூன்றும் இப்போது அலமாரிக்கு மேலே. ஆப்பிள் டிவி 4கே, 2022ல் வந்த மாடல், அமெரிக்காவில் 64 ஜிபி 129 டாலர், லேன் ஓட்டையோடு (இணைய வயர் செருகுவது) வரும் 128 ஜிபி 149 டாலர். நம்ம ஊரில் ஐந்நூறு வெள்ளியைத் தாண்டும். நான் ஏற்கெனவே கொடுத்து முடித்த காசு அது.

அடுத்தது ஆயுள். 2015ல் வந்த ஆப்பிள் டிவி எச்டிக்கும் 2025ல் வந்த டிவிஓஎஸ் 26 என்ற புது மென்பொருள் கிடைத்தது. பத்து வருடம் தம்பி! பசார் மாலாம் பெட்டிக்குப் பத்து மாதத்தில் ஒரு அப்டேட் வந்ததுண்டா? முகப்பைத் திறந்தால் விளம்பரமும் முகத்தில் அறையாது.

மாலாம்_மாப்பிள்ளை (வெள்ளி, இரவு 10.21)
அண்ணே, ஆப்பிள் கடையில கமிஷனா? 😄

என் பெட்டி 150 வெள்ளி. மூணு வருஷமா ஓடுது. தமிழ், மலையாளம், பந்து விளையாட்டு எல்லாம் வருது, மாசக் காசு கிடையாது. ஆப்பிள் டிவி வாங்கினா பெட்டிக்கு மட்டும்தான் காசா? உள்ள ஒவ்வொரு ஆப்புக்கும் மாசாமாசம் தனியா கட்டணும். அதையும் உங்க கணக்குல சேருங்க. தோட்டத்துல செம்பனை வெட்டுறவன் சம்பளத்துல இதெல்லாம் நடக்குமா? டவுன்ல உட்கார்ந்து பேசுறது சுலபம்லா.

ரிப்பேர்க்கடை (வெள்ளி, இரவு 11.02)
நான் இந்த ஊரிலேயே கடை வைத்திருப்பவன். ஆப்பிளும் விற்பதில்லை, அந்தப் பெட்டியும் விற்பதில்லை.

மாப்பிள்ளை, உங்கள் பெட்டி மாதிரி ஒன்று போன வாரம் மேசைக்கு வந்தது. மூடியில் “8கே, 4 ஜிபி ராம்” என்று ஸ்டிக்கர் (ராம் என்பது பெட்டி ஓடும்போது பயன்படும் நினைவகம்). திறந்தால் சிப்புக்கு மேலே வெள்ளைப் பசைத் துண்டு, அதன்மேல் நகம் அளவுக்கு அலுமினியத் தகடு. சூட்டில் பசை இளகித் தகடு நழுவி ஓரமாகக் கிடந்தது. செட்டிங்கில் 4 ஜிபி என்றுதான் காட்டியது. சோதிக்கிற ஆப்பைப் போட்டால் 1 ஜிபிதான். அந்த எண்ணைப் பொய்யாகக் காட்டும்படி உள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. இந்தப் பெயரில்லாப் பெட்டிகளுக்கு நெட்ஃபிளிக்ஸ் அங்கீகாரம் கிடையாது. படத்தைத் திருடாமல் காக்கும் வைட்வைன் பூட்டில் மிகக் கீழான எல்3 நிலைதான். சந்தா கட்டினாலும் படம் 480 கோட்டில்தான், மங்கலாகத்தான் வரும். 8கே ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மலேசியப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் 2022 மார்ச் 18 முதல் நடப்பில் இருக்கிறது. திருட்டு ஒளிபரப்புக்கு என்றே பெட்டி செய்கிறவருக்கும் விற்கிறவருக்கும் 10,000 வெள்ளி முதல் 200,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

மாலாம்_மாப்பிள்ளை (வெள்ளி, இரவு 11.15)
அது விக்கிறவனுக்குத்தானே. நான் பார்க்கிறவன். பெட்டிக்குள்ள கெட்ட நிரல் இருந்தாலும் பேங்க் ஆப்பை நான் டிவில போடுறதில்ல. என்னத்தத் திருடிடுவான்? என் மாமியார் பார்க்கிற சீரியலையா?

ரிப்பேர்க்கடை (வெள்ளி, இரவு 11.31)
உங்கள் இணைய லைனைத் திருடுவான். 2023ல் பேட்பாக்ஸ் என்று ஒன்று வெளியே வந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கெட்ட நிரல் ஏற்றப்பட்ட மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகள், அப்போதே எழுபதாயிரத்துக்கு மேல். 2025 ஜூனில் அமெரிக்க எஃப்பிஐ அதன் இரண்டாம் வடிவத்தைப் பற்றி எச்சரித்தது. அடுத்த மாதம் கூகுள் வழக்கே போட்டது, ஒரு கோடிக்கு மேற்பட்ட கருவிகள் என்று சொல்லி. அந்தப் பெட்டி நீங்கள் தூங்கும்போது உங்கள் இணைய முகவரி வழியாக வேறு யாரோ போய்வர வழி திறந்து வைக்கும், ஆள் இல்லாமலே விளம்பரத்தை அழுத்தும். வீடு உங்களுடையது, உள்வாடகை அவனுக்கு.

எல்லா மலிவுப் பெட்டியும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. எது அப்படி என்று வெளியே பார்த்து எனக்கே தெரியாது என்பதுதான் சங்கடம்.

பேராக்_பையன் (வெள்ளி, இரவு 11.48)
அண்ணே, ஒரு நிமிஷம். அம்மா வீட்டில் ஃபைபர் இல்லை. சிம் போட்ட ரவுட்டர்தான். மாதம் 20ஆம் தேதிக்குள் டேட்டா தீர்ந்துவிடுகிறது. அப்பாதான் படம் பார்த்துத் தீர்க்கிறார் என்று அவரை ஏசிக்கொண்டிருந்தேன்.

ரிப்பேர்க்கடை (வெள்ளி, இரவு 11.55)
அப்பாவாகவும் இருக்கலாம். எச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை இழுக்கும், அதைவிடத் துல்லியமான 4கே என்றால் 7 ஜிபி வரை. பெட்டியை ஒரு மாதம் கழற்றி வையுங்கள். டேட்டா மிஞ்சினால் அப்பாவிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

டீச்சரம்மா_ஓய்வு (சனி, காலை 7.10)
வணக்கம் பிள்ளைகளே. நான் தமிழ்ப்பள்ளியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள். என் மகன் போன வருடம் எனக்கு ஆப்பிள் டிவி வாங்கித் தந்தான். இங்கே பேசுகிறவர்களில் அதை வயதானவர் கையால் இயக்குகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. நடுவில் நிற்பதில்லை. குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ரிமோட் இருக்கிறதே, என் மூக்குக் கண்ணாடிக் கூட்டை விடச் சின்னது. நடுவில் உள்ள வட்டத்தைத் தடவினால் ஓடுகிறது, அழுத்தினால் திறக்கிறது. என் கட்டைவிரலுக்குத் தடவுவது எது, அழுத்துவது எது என்று தெரிவதில்லை. திருப்புகழ் தேட ஆங்கில எழுத்து ஒரே வரிசையில் நீளமாக வரும். ‘டி’யைத் தாண்டி ‘எச்’சுக்குப் போவதற்குள் ‘எல்’லில் போய் நிற்கும். பேசித் தேடலாம் என்றான் மகன். அதிலுள்ள ‘சிரி’ என்ற குரல் உதவியாளருக்குத் தமிழ் தெரியாது. கைப்பேசியில் தட்டலாமாம், அதற்கு ஐபோன் வேண்டுமாம். என்னுடையது ஐபோன் இல்லை.

இரண்டு முறை ரிமோட் சோபா இடுக்கில் விழுந்து அரை நாள் தேடினோம். பேட்டரி போடுவதும் கிடையாது, வயர் செருகிச் சார்ஜ் செய்ய வேண்டும்.

கணக்குப்பிள்ளை (சனி, காலை 8.20)
டீச்சர், வணக்கம். அமைப்பில் தடவுவதை நிறுத்திவிட்டு அழுத்துவதை மட்டும் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. உங்கள் பழைய டிவி ரிமோட்டையே அதற்குப் பழக்கவும் முடியும். மகனிடம் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை.

டீச்சரம்மா_ஓய்வு (சனி, காலை 8.26)
ஐந்நூறு வெள்ளிக்கு மேல் கொடுத்த பிறகு என் பழைய ரிமோட்டையா பிடிக்கச் சொல்கிறீர்கள், ஐயா?

மாலாம்_மாப்பிள்ளை (சனி, காலை 8.30)
டீச்சர் 🙏🙏 நூத்துக்கு நூறு.

ரிப்பேர்க்கடை (சனி, காலை 9.05)
இரண்டு பேரும் ஓரத்தில் நின்று கத்துகிறீர்கள். நடுவில் ஒரு வகை இருக்கிறது. கூகுளின் டிவி மென்பொருளான கூகுள் டிவியை முறையாக ஏற்றி, நெட்ஃபிளிக்ஸ் அங்கீகாரத்தோடு, கடையில் ரசீதோடு வரும் பெட்டி. ஷாவ்மி டிவி பாக்ஸ் எஸ் இரண்டாம் தலைமுறை மாதிரி. முந்நூறு வெள்ளிக்குள் முடியும். ரிமோட்டுக்குக் கடைத்தெரு பேட்டரி போதும். பென்டிரைவ் செருகவும் ஓட்டை உண்டு.

தம்பி, அப்பா பழைய படத்தை எதில் பார்க்கிறார்?

பேராக்_பையன் (சனி, காலை 9.12)
பென்டிரைவில்தான் அண்ணே. சின்ன டப்பாவில் பதினேழு வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டிப் பேனாவால் எழுதியிருக்கும்.

ரிப்பேர்க்கடை (சனி, காலை 9.14)
அப்போ ஆப்பிள் டிவி போச்சு. 4கே மாடலில் யூஎஸ்பி ஓட்டையே கிடையாது.

கணக்குப்பிள்ளை (சனி, காலை 9.40)
பென்டிரைவை டிவியின் பின்னாலேயே செருகலாம், அதற்குப் பெட்டி எதற்கு? ஷாவ்மியைப் பற்றியும் முழுசாகச் சொல்லுங்கள். 2018ல் முதல் மி பாக்ஸ் எஸ் 2 ஜிபி ராம், 8 ஜிபி இடம். 2023ல் இரண்டாம் தலைமுறை: அதே 2 ஜிபி, அதே 8 ஜிபி! ஐந்து வருடம் என்ன செய்தார்கள்? சிஸ்டம் பாதியைச் சாப்பிட்டுவிடும். ஐந்தாறு ஆப் போட்டால் “இடம் இல்லை” என்று கையை விரிக்கும். லேன் ஓட்டையும் கிடையாது. முதல் வருடம் ஓடும். மூன்றாம் வருடம் முகப்புத் திரை திறப்பதற்குள் தே தாரிக் ஆறிவிடும்.

ரிப்பேர்க்கடை (சனி, காலை 9.58)
8 ஜிபி குறைச்சல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அம்மாவுக்கு எத்தனை ஆப் வேண்டும்? யூடியூபும் இன்னும் இரண்டும்.

கணக்குப்பிள்ளை ஐயா உங்கள் கணக்கில் இடி இல்லை. ஐப்பசி மழையில் என் கடை வாசலில் வரிசை நிற்கும். இடி ஆஸ்ட்ரோ சாட்டிலைட் டிவித் தட்டு வயரில் இறங்கி எச்டிஎம்ஐ (படமும் ஒலியும் போகும் வயர்) வழியாக டிவிக்குப் போய், அங்கிருந்து அடுத்த பெட்டிக்கும் போகும். இடி 180 வெள்ளிப் பெட்டி, 600 வெள்ளிப் பெட்டி என்று பிரித்துப் பார்ப்பதில்லை. பத்து வருட அப்டேட் இடிக்குத் தெரியுமா?

கணக்குப்பிள்ளை (சனி, காலை 10.03)
மழை வந்தால் பிளக்கைப் பிடுங்க வேண்டியதுதான். என் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு முதலில் அதைத்தான் செய்வார்.

ரிப்பேர்க்கடை (சனி, காலை 10.10)
அதுவும் சரிதான். தம்பி, முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். டிவி என்ன டிவி? ராத்திரி எட்டு மணிக்கு லைன் வேகம் எவ்வளவு?

பேராக்_பையன் (சனி, மாலை 8.34)
அம்மாவிடம் சொல்லி டிவிக்குப் பின்னால் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முதல் மூன்று படத்தில் அம்மாவின் விரல். நாலாவதில் தெரிந்தது. 32 அங்குலம், 2014ல் வாங்கியது, வெறும் எச்டி. 4கே இல்லை, ஃபுல் எச்டியும் இல்லை. இரண்டு எச்டிஎம்ஐ ஓட்டை. ஒன்று போன வருட இடியில் செத்துவிட்டதாம், எனக்கு இதுவரை சொல்லவே இல்லை. மற்றதில் ஆஸ்ட்ரோ. பெட்டி பார்க்கணும் என்றால் அப்பா ஆஸ்ட்ரோ வயரைக் கழற்றி மாற்றுவாராம்.

வேகம் இப்போது 6 எம்பிபிஎஸ் (நொடிக்கு 6 மெகாபிட்).

மாலாம்_மாப்பிள்ளை (சனி, மாலை 8.37)
ஹாஹாஹா. இந்த டிவிக்கா ரெண்டு நாளா 4கே பேசினோம்?

ரிப்பேர்க்கடை (சனி, மாலை 8.50)
நெட்ஃபிளிக்ஸ் 4கேக்கு 15 எம்பிபிஎஸ் கேட்கிறது, ஃபுல் எச்டிக்கு 5. ஆறு எம்பிபிஎஸ்ஸில் எந்தப் பெட்டி போட்டாலும் அதற்குமேல் வராது. ரவுட்டர் எங்கே இருக்கிறது?

பேராக்_பையன் (சனி, மாலை 8.52)
சாமி மேடைக்குப் பக்கத்தில். அம்மாவுக்கு அங்கேதான் பிளக்.

கணக்குப்பிள்ளை (சனி, மாலை 9.15)
அப்படியானால் டிவியை மாற்று. பெட்டியைக் குறை சொல்லாதே.

டீச்சரம்மா_ஓய்வு (சனி, மாலை 9.20)
புது டிவி வாங்கினால் கூகுள் டிவி அதற்குள்ளேயே வருகிறதே, ஐயா. பெட்டியே எதற்கு?

கணக்குப்பிள்ளை (சனி, மாலை 9.33)
டீச்சர், டிவிக்குள் வைக்கிற சிப்பு எல்லாவற்றிலும் மலிவானது. மூன்று நாலு வருடத்தில் அது தள்ளாடும், திரை நன்றாகவே இருக்கும். அப்போது பெட்டியை மட்டும் மாற்றலாம். அதனால்தான் தனிப்பெட்டி. இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் இந்த வீட்டுக்கு இன்றைக்கு ஆப்பிள் வேண்டாம். அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். 6 எம்பிபிஎஸ்ஸுக்கு என்னிடமும் பதில் இல்லை.

பேராக்_பையன் (ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, மதியம் 2.15)
தீபாவளிக்குப் போய் வந்தேன். செய்தது இவ்வளவுதான்: பழைய பெட்டியைக் கழற்றிக் கட்டிவைத்தேன். ரவுட்டரை சாமி மேடையிலிருந்து சாலைப்பக்க ஜன்னலுக்கு மாற்றினேன். டவர் அந்தப் பக்கம்தான், ராத்திரி 14 வரை வருகிறது. கூகுள் டிவிப் பெட்டி 259 வெள்ளி, ரசீதோடு. இரண்டு வயரை ஒன்றில் சேர்க்கும் எச்டிஎம்ஐ ஸ்விட்ச் 22 வெள்ளி. அப்பாவுக்கு அந்த ஸ்விட்ச்தான் பெரிய விஷயம், வருகிறவர்களுக்கெல்லாம் அமுக்கிக் காட்டுகிறார்.

டேட்டா இந்த மாதம் கடைசி நாள் வரை வந்தது. பழைய பெட்டிதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், தீபாவளி வாரம் முழுக்க அவர்கள் டிவி பார்க்கவே இல்லை. அப்பாவிடம் மன்னிப்பு கேட்டுவிட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

மாலாம்_மாப்பிள்ளை (ஞாயிறு, மதியம் 2.40)
அந்தப் பழைய பெட்டிய என்ன பண்ணீங்க? தூக்கிப் போடுறதா இருந்தா சொல்லுங்க.

ரிப்பேர்க்கடை (ஞாயிறு, மதியம் 2.44)
மாப்பிள்ளை!

கணக்குப்பிள்ளை (ஞாயிறு, மாலை 5.02)
259ஐக் குறித்து வைத்திருக்கிறேன் தம்பி. மூன்று வருடம் கழித்து இதே இடத்தில் கேட்பேன்.