அத்தை வீட்டு பீரோவும் வைஃபையும்

மாம்பலம் அத்தை: ஹாலில் வைஃபை நன்றாக வருகிறது. சமையல்கட்டில் சுத்தமாக இல்லை. நடுவில் ஒரே ஒரு சுவர்தான். ஆளை வரச் சொல்லட்டுமா?

நான்: ரௌட்டர் எங்கே இருக்கிறது அத்தை?

மாம்பலம் அத்தை: ஸ்டூல் மேலே. பின்னால் பீரோ, அது சமையல்கட்டுச் சுவரோடு நிற்கிறது. பக்கத்தில் இரண்டு தண்ணீர் கேன்.

நான்: சுவர் மேல் தப்பில்லை அத்தை, பீரோதான். செங்கல்லில் வைஃபை அலை கொஞ்சம் குறையும், ஆனால் கடந்துவிடும். 1890களிலேயே ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் சுவரைத் தாண்டி அலையை அனுப்பி மணி அடிக்க வைத்தார். இரும்பு அப்படி விடாது. அதிலுள்ள எலக்ட்ரான்கள் அலை பட்டதும் அசைந்து, வந்ததைத் திருப்பி அனுப்பிவிடும்.

பெரம்பூர் மாமா: அப்படியென்றால் மைக்ரோவேவ் கதவில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே? உள்ளே இருப்பது தெரிகிறது. பேத்தி அங்கேயே போய் நிற்கிறாள், பயமாக இருக்கிறது.

நான்: நல்ல கேள்வி மாமா. அந்த அலை 2.45 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 245 கோடி ஆட்டம்; நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். ஓட்டையோ கடுகு அளவு. அந்த அலைக்கு அது முழுத் தகடு மாதிரிதான். வெளிச்சத்தின் அலைநீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதனால் தாராளமாக வெளியே வருகிறது. கதவு சரியாக மூடவில்லை, வலை சேதமாகிவிட்டது என்றால் மட்டும் போடவே கூடாது.

அண்ணி: சாம்பார் கொதிக்கிறது, பீங்கான் கிண்ணத்தின் விளிம்பு சில்லென்று இருக்கிறது. அது எப்படி?

நான்: தண்ணீர் மூலக்கூறுக்கு ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின் அண்ணி. அலை நொடிக்கு 245 கோடி முறை ஆடுகிறது. கூடவே திரும்பித் திரும்பித் தண்ணீர் சூடாகிறது. பீங்கானில் அப்படித் திரும்ப எதுவும் இல்லை, அலை அதைக் கடந்து போய்விடும். அத்தை, வைஃபை அலையும் ஏறக்குறைய இதே அளவுதான். கேன் தண்ணீர் சூடாகாது, அவ்வளவு சக்தி ரௌட்டருக்கு இல்லை. ஆனால் சிக்னலை விழுங்கிவிடும். கேனையும் தள்ளி வையுங்கள்.

பெரம்பூர் மாமா: ஐப்பசி மழை கொட்டினால் மொட்டைமாடி டிஷ்ஷில் படம் நிற்பதும் இதனாலா?

நான்: அதேதான் மாமா. அந்த அலை இன்னும் சின்னது, இரண்டரை சென்டிமீட்டர். ஒவ்வொரு துளியும் கொஞ்சம் விழுங்கி, கொஞ்சம் சிதறடிக்கும்.

மாம்பலம் அத்தை: ரௌட்டரை டிவி ஸ்டாண்டு மேலே மாற்றிவிட்டேன். சமையல்கட்டிலேயே வீடியோ கால் வந்தது, குழந்தை முகம் தெளிவாகத் தெரிகிறது. சரி, அடுப்பில் பால் இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.