மறு: எல்டிஎஸ் விட்டு எல்டிஎஸ் போவதற்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம். உபுண்டு இயங்குதளத்தின் ஒரு எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) வெளியீட்டிலிருந்து அடுத்ததற்கு மாறுவதை நம் தமிழாக்கத்தில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு வந்த யோசனைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> மேம்படுத்து என்று ஒன்று இருக்கும்போது புதிதாக எதற்கு?

அது இரண்டு வேலைக்கு நிற்கிறதே, அதனால்தான். உபுண்டுவில் 'ஆப்ட் அப்டேட்' என்ற கட்டளை பொதிகளின் (நிறுவும் மென்பொருள் தொகுப்புகளின்) பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். அதை 'இற்றைப்படுத்து' என்று ஒதுக்கிவிட்டோம், சரி. 'ஆப்ட் அப்கிரேட்' அதே வெளியீட்டுக்குள் திருத்தங்களை நிறுவும். 'டூ-ரிலீஸ்-அப்கிரேட்' 22.04 வெளியீட்டையே 24.04 ஆக்கிவிடும். கடைசி இரண்டும் நம் மொழிபெயர்ப்புக் கோப்பில் 'மேம்படுத்து'தான்.

வழக்கமான திருத்தம் என்று நினைத்து, வெளியீட்டையே மாற்றும் 'மேம்படுத்து' பொத்தானை ஒருவர் அழுத்துகிறார். வெளியார் களஞ்சியங்கள் (உபுண்டு அல்லாத பிறர் தரும் பொதி மூலங்கள்) முடக்கப்படும். பாதி வழியில் நின்று, நீங்கள் கைவைத்த அமைவுக் கோப்பை வைத்துக்கொள்வதா, பொதியோடு வந்ததை ஏற்பதா என்று கேட்கும். முடிவில், தேவையற்றுப்போன பொதிகளை நீக்கட்டுமா என்று இன்னொரு கேள்வி. பழைய வெளியீட்டுக்குத் திரும்ப முறையான வழி கிடையாது. முன்பே காப்பு எடுத்திருந்தால் பிழைத்தார்.

> பதிப்பேற்றம்?

அழகான சொல்தான். ஆனால் சிறிய எழுத்தில் 'பதிவேற்றம்' பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதிப் பேர் கோப்பை எங்கோ அனுப்பப் போகிறது என்று நினைப்பார்கள். தவிர, ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பதிப்பு உண்டு. சாதாரணத் திருத்தத்திலும் அது ஏறத்தான் செய்கிறது.

> தரமுயர்த்தல்?

இது எனக்குப் பிடித்தது. நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தப்பட்டது என்று நாளிதழில் படித்துப் பழகிய சொல். படிப்படியாகத்தான் போக முடியும் என்பதும் அதில் இருக்கிறது: 20.04-இலிருந்து நேரே 24.04-க்குத் தாவ முடியாது, 22.04 வழியாகத்தான் வர வேண்டும். இடிப்பது 'தரம்'. புதியது என்பதாலேயே தரம் கூடிவிடாது. 24.04 வந்தது 2024 ஏப்ரலில், ஆனால் 22.04-இல் இருந்தவர்களுக்கு அழைப்பு வந்தது 24.04.1 என்ற முதல் திருத்த வெளியீடு வந்த பிறகே. முதல் சுற்றுப் பிழைகளைக் களையத்தான் இந்தக் காத்திருப்பு.

ஆகவே தரத்தை விட்டுவிட்டு உயர்வை எடுத்துக்கொள்வோம்: 'வெளியீட்டு உயர்வு'. பதவி உயர்வு, ஊதிய உயர்வு வரிசையில் உட்காரும். (விலை உயர்வும் நினைவுக்கு வரும், பரவாயில்லை.) பொத்தானில் 'வெளியீட்டை உயர்த்து' என்றால் நெருடுகிறது, '24.04-க்கு உயர்த்து' என்று எண்ணையே போட்டுவிடலாம். என்ன நடக்கப்போகிறது என்பது எண்ணைப் பார்த்தாலே தெரியும்.

அப்புறம் எல்டிஎஸ் என்பதற்கான சொல். 'ஐந்தாண்டு வெளியீடு' என்ற யோசனை வேண்டாம். 2006-இல் வந்த 6.06-க்கு மேசைக்கணினியில் 3 ஆண்டு ஆதரவு, வழங்கியில் (சர்வரில்) 5 ஆண்டு, 12.04 முதல்தான் இரண்டுக்கும் 5. கட்டணச் சேவையில் இன்னும் நீள்கிறது. மாறுகிற எண்ணைச் சொல்லுக்குள் பூட்டக் கூடாது. 'நெடுவெளியீடு' சுருக்கமாக இருந்தாலும் நீள்வது வெளியீடு அல்ல, அதன் பராமரிப்பு. 'ஆதரவு' என்றதும் தொலைபேசியில் உதவ ஆள் இருப்பார் என்று சிலர் எண்ணுவது உண்மைதான். இருந்தாலும் 'நீண்டகால ஆதரவு' வேரூன்றிவிட்டது, இனிப் பிடுங்க வேண்டாம். 9 மாதமே தாங்கும் மற்ற வெளியீடுகளுக்கு 'இடை வெளியீடு' போதும்.

மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு வாருங்கள். பெயர்ச்சொல் மட்டும் போதாது, பொத்தானில் போட வினை வடிவமும் வேண்டும்.