இஞ்சின் மிஸ்ஸிங்: ஈசியூவை (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியை) மாற்றச் சொல்கிறார்கள், அதற்கு முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

கேள்வி, தூத்துக்குடியிலிருந்து:

என்னிடம் இருப்பது 2014-இல் வாங்கிய, 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். இதுவரை 86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதங்களாக, இஞ்சின் சூடேறிய பிறகு சிக்னலில் நிற்கும்போது ஐடிலிங் ஒரே நிலையில் இருப்பதில்லை. ஆர்பிஎம் முள் 600-க்கும் 1,000-க்கும் இடையே ஏறி இறங்குகிறது, ஸ்டியரிங் நடுங்குகிறது, ஏசியைப் போட்டவுடன் மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் இஞ்சின் விட்டுவிட்டு ஓடுவது) இன்னும் அதிகமாகிறது. சில நாட்கள் எந்தத் தொந்தரவும் தராமல் ஓடுகிறது. மறுநாளே பழைய கதைக்குத் திரும்பிவிடுகிறது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 11-ஐத் தாண்டுவதில்லை. சைலன்ஸர் பக்கம் போனால் பெட்ரோல் வாடை வீசுகிறது.

ஈசியூவில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0300, பி0108, பி0118 ஆகிய மூன்று குறியீடுகள் வந்தன. பட்டறையில் முதலில் நான்கு பிளக்குகளையும், பிறகு பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு காயிலையும், அதன்பின் இஞ்சினுக்குக் காற்று போகும் குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேனிஃபோல்டு பிரஷர் சென்சாரையும் மாற்றினார்கள். கழற்றிய பிளக்குகள் நான்கும் புகைக்கரி படிந்து கறுத்திருந்தன. சென்சாரை மாற்றிய பின் மூன்று நாட்கள் வண்டி நன்றாக ஓடியது. நான்காம் நாள் மறுபடியும் நடுங்கத் தொடங்கியது. இதுவரை 11,000 ரூபாய் செலவாகிவிட்டது. இப்போது ஈசியூவே போய்விட்டது, மாற்றினால் 40,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். என் தந்தையை வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்வது இந்த வண்டியில்தான் என்பதால், வழியில் நின்றுவிடுமோ என்ற அச்சம் என்னை விட்டு அகலவில்லை. முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன் நான் சோதித்துப் பார்க்கக்கூடியவை ஏதேனும் உண்டா?

மறுமொழி, மதுரையிலிருந்து:

ஐடிலிங்கில் மட்டும் மிஸ்ஸிங் இருந்து, வேகமெடுத்தால் சரியாகிவிடுகிறது என்றால், இன்டேக் மேனிஃபோல்டில் எங்கோ காற்று கசிகிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். வெடித்துப்போன ஒரு ரப்பர் ஹோஸ் போதும், இதே நடுக்கத்தைக் கொடுத்துவிடும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனாலை எரிக்கக் காற்று குறைவாகவே தேவைப்படும். எனவே, பழைய கணக்கில் அமைக்கப்பட்ட இஞ்சினில் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை சற்று மெலிந்துவிடும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது.

மறுமொழி, கோயம்புத்தூரிலிருந்து:

மதுரை நண்பர் சொல்வது பொதுவாகச் சரியானதே. ஆனால் இந்த வண்டியின் அறிகுறிகள் அதற்கு நேர் எதிர்த்திசையில் இருக்கின்றன. காற்றுக் கசிவாலோ எத்தனாலாலோ கலவை மெலிந்திருந்தால் பிளக் வெளுத்திருக்கும். இங்கே நான்கு பிளக்குகளும் கறுத்திருக்கின்றன, பெட்ரோல் வாடை வருகிறது, மைலேஜும் விழுந்திருக்கிறது. ஆகவே, இஞ்சினுக்குள் தேவைக்கு மேல் பெட்ரோல் போகிறது. பி0300 என்பது குறிப்பிட்ட ஒரு சிலிண்டரில் அல்லாமல் பல சிலிண்டர்களில் மாறி மாறி மிஸ்ஸிங் ஆவதைக் குறிக்கும் குறியீடு. அது நோயின் விளைவாக இருக்கலாமே தவிர, நோய் வேறிடத்தில் இருக்கிறது.

மற்ற இரண்டு குறியீடுகளையும் சேர்த்துப் படியுங்கள். பி0108 என்றால் மேனிஃபோல்டு பிரஷர் சென்சாரின் சிக்னல் வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிட மேலே இருக்கிறது. பி0118 என்றால் இஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் வெப்பநிலையை அளக்கும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரின் வோல்டேஜும் அவ்வாறே மேலே இருக்கிறது. ஒரே காலத்தில் இரண்டு சென்சார்கள், இரண்டுமே ஒரே திசையில் கெட்டுப்போவது அரிது. ஈசியூ ஒரு சென்சாருக்கு நேரடியாக 5 வோல்ட் கொடுக்கிறது, மற்றொன்றுக்கு ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொடுக்கிறது. ஆனால் பல வண்டிகளில் இரண்டும் திரும்பி வருவது ஒரே எர்த் வயர் வழியாகத்தான். அந்த வயர் நடுவில் விட்டுவிட்டுத் தொடர்பை இழந்தால் இரண்டு சிக்னல்களும் ஒருசேர 5 வோல்ட்டை நோக்கி ஏறிவிடும். அப்போது இஞ்சின் உறைபனிக் குளிரில் கிடப்பதாகவும், அதே சமயம் முழுப் பளுவை இழுப்பதாகவும் ஈசியூ நம்பிக்கொண்டு பெட்ரோலை அள்ளிக் கொட்டும். உங்கள் வண்டியில் தென்படுவது அத்தனையும் இதில் அடங்கிவிடுகிறது. புதுச் சென்சார் போட்ட மூன்று நாட்கள் வண்டி நன்றாக ஓடியதற்கும் சென்சார் காரணமாக இருக்காது. அதை மாட்டும்போது வயரைப் பிடித்து அசைத்ததில் விட்டுப்போன தொடர்பு தற்காலிகமாகக் கூடியிருக்கும் என்பதே என் கணிப்பு.

நாளைக் காலை, இரவு முழுவதும் ஆறிய வண்டியில், இஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, ஸ்கேனரில் நேரடி அளவுகளைப் பாருங்கள். கூலன்ட் வெப்பநிலையும் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையும் ஓரிரு டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் ஊர் கடல் மட்டத்தில் இருப்பதால் பிரஷர் சென்சார் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்து ஐடிலிங்குக்கு வந்ததும் அது 30 முதல் 40-க்குள் இறங்க வேண்டும். பிறகு ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டுவிட்டு, ஒரு மல்டிமீட்டரால் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இஞ்சின் பிளாக்குக்கும் இடையே எத்தனை வோல்ட் விழுகிறது என்று அளந்து சொல்லுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் தடித்த எர்த் பட்டையிலேயே கோளாறு இருக்கிறது. இதை ஓம் மீட்டரால் சோதிக்க வேண்டாம். முறுக்கில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் ஓம் மீட்டர் நல்ல வயர் என்றே சொல்லிவிடும்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். செக் இஞ்சின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உருக்கிவிடும். அதன் விலை ஈசியூவின் விலைக்குக் குறைந்ததல்ல. குளிர்ந்த இஞ்சினில், ஏசி போடாமலே ரேடியேட்டர் விசிறி ஓடுகிறதா என்பதையும் கவனியுங்கள். கூலன்ட் சென்சாரை நம்ப முடியாத நிலை வந்தால், பாதுகாப்புக்காக விசிறியைத் தொடர்ந்து ஓட விடும்படி பல வண்டிகளின் ஈசியூ அமைக்கப்பட்டிருக்கிறது.

கேட்டவர்:

மிக்க நன்றி ஐயா. பேட்டரிக்கும் பிளாக்குக்கும் இடையே 0.06 வோல்ட்தான் இருந்தது. காலையில் கூலன்ட் 29 டிகிரி, காற்று 30 டிகிரி, பிரஷர் 100 என்று எல்லாமே நீங்கள் சொன்னபடி ஒழுங்காக இருந்தன. ஆனால் பத்து நிமிடம் ஓடவிட்டு ஏசியைப் போட்டபோது, 88 டிகிரி காட்டிக்கொண்டிருந்த கூலன்ட் அளவு ஒரு கணம் −40 என்று விழுந்து திரும்பவும் 88-க்கு வந்தது. இஞ்சின் குலுங்கியதும் அதே கணத்தில்தான். விசிறியைப் பற்றி நீங்கள் கேட்ட பிறகுதான் நினைவுக்கு வருகிறது: சில நாள் அதிகாலையில், ஏசி போடாதபோதே விசிறி இரைவதை நான் கேட்டிருக்கிறேன்.

மறுமொழி, நாகர்கோவிலிலிருந்து:

இருபது ஆண்டுகளாக வாகன எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். கூலன்ட் சென்சாரின் வயரைக் கழற்றிவிட்டால் ஸ்கேனர் காட்டும் அளவு −40 தான். எனவே, ஒரு கணத்துக்கு அந்தச் சுற்று முழுதாக அறுந்துவிடுகிறது என்பது உறுதி. கோவை நண்பர் சொன்ன பொது எர்த் வயரைத்தான் நானும் சந்தேகிக்கிறேன். ஒன்று கேட்கிறேன்: இந்த வண்டி எப்போதாவது தண்ணீரில் நின்றதா?

கேட்டவர்:

நின்றது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கள் தெருவில் இரண்டு நாள், பாதிச் சக்கரத்துக்கு மேல் தண்ணீரில் நின்றது. அப்போது ஆயில் மாற்றி, உள்ளே காயவைத்துக் கொடுத்தார்கள். அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியதால் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

மறுமொழி, நாகர்கோவிலிலிருந்து:

காயவைத்தது மேற்புறத்தை மட்டுமே. வயரின் செம்பு இழைகளுக்கிடையே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப்போலத் தண்ணீர் ஏறி உள்ளேயே தங்கிவிடும். உங்கள் ஊரின் உப்புக் காற்றும் சேர்ந்துகொண்டால், மேலுறை புதிதுபோல இருக்க, உள்ளே செம்பு களிம்பேறிப் பொடியாகிவிடும். அந்தக் கோளாறு தலைகாட்ட ஓராண்டும் ஆகலாம், இரண்டாண்டும் ஆகலாம். பல வயர்களை ஒன்றாகப் பிணைத்துச் சுற்றியிருக்கும் இடம்தான் முதலில் போகும். பேட்டரித் தட்டுக்குக் கீழே வயரிங் கட்டு வளைந்து இறங்கும் இடத்தில் தேடத் தொடங்குங்கள்.

கூலன்ட் சென்சாரின் கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்புறமாக எர்த் வயருக்குள் மெல்லிய குண்டூசியைச் செருகி, அதற்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மீட்டரை வையுங்கள். 0.05 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இஞ்சின் ஓடும்போதே வயரிங் கட்டை ஒவ்வொரு சாணாக, விசிறி, பெல்ட் பக்கம் கை போகாமல், மெதுவாக அசைத்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் மீட்டர் துள்ளுகிறதோ அந்த இடத்தைப் பிரியுங்கள். பட்டறைக்காரரையும் அருகில் வைத்துக்கொள்வது நல்லது. ஈசியூ கெட்டிருந்தால், வயரை அசைப்பதால் அளவு மாறாது என்பதை அவரே கண்ணால் பார்க்கட்டும்.

கேட்டவர்:

இன்று காலை பட்டறைக்காரரும் நானும் சேர்ந்து தேடினோம். பேட்டரித் தட்டைக் கழற்றி, அதன் கீழே இருந்த வளைவை அசைத்தபோது 0.02 வோல்ட்டிலிருந்து 3 வோல்ட்டுக்கு மேல் துள்ளியது. கறுப்பு டேப்பைப் பிரித்துப் பார்த்தால் நான்கு வயர்கள் சேரும் பிணைப்பு பச்சைக் களிம்பாக இருந்தது. விரலால் தொட்டதும் ஒரு வயர் தனியே கழன்று வந்துவிட்டது. பளபளப்பான செம்பு தெரியும்வரை நான்கையும் பின்னால் வெட்டி, புது வயர்த் துண்டு சேர்த்து, பற்றவைத்து, உட்புறம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைச் சூடாக்கி மூடினோம். குறியீடுகளை அழித்துவிட்டு, ஏசியைப் போட்டபடியே திருச்செந்தூர் வரை போய்த் திரும்பினேன். கூலன்ட் அளவு ஒருமுறைகூடக் குதிக்கவில்லை, ஐடிலிங் 750-இல் அசையாமல் நிற்கிறது. பட்டறைக்காரர் ஈசியூவுக்காக வாங்கியிருந்த முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாளை மறுநாள் தந்தையை அழைத்துச் செல்லும்போதும் ஸ்கேனரை மாட்டியே வைத்திருந்து, ஒரு வாரம் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.

மறுமொழி, கோயம்புத்தூரிலிருந்து:

மகிழ்ச்சி. கரி பிடித்த பிளக்குகளுக்குப் பதிலாகப் போட்ட புதிய பிளக்குகளும் இந்த இரண்டு மாதத்தில் கறுத்திருக்கும். ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். இஞ்சின் ஆயிலில் பெட்ரோல் வாடை வீசினால், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலை மாற்றிவிடுங்கள். வெள்ளத்தண்ணீர் அந்த ஒரு பிணைப்போடு நின்றிருக்காது. அதே உயரத்தில் வேறு பிணைப்புகளும் கனெக்டர்களும் இருந்தால், பேட்டரித் தட்டை இன்னொரு முறை கழற்றி அவற்றையும் பிரித்துப் பார்க்கும்படி பட்டறைக்காரரிடம் சொல்லுங்கள்.