திருகோணமலை உவர்மலை வீட்டார் குழு: மாரிக்கு வந்த விருந்தாளிகள்

டிசம்பர் 23

நிரோஜன், காலை 10:12
தர்ஷினி அக்கா, நீங்கள் சென்ற மாதம் அனுப்பிய பொதியைத் தபால்காரர் இன்றுதான் கொண்டுவந்து தந்தார். அட்டைப்பெட்டியின் ஒரு மூலை மழையில் ஊறிப் பிய்ந்திருந்தது. ஆனாலும் உள்ளே பொலித்தீனால் சுற்றியிருந்தபடியால் பொம்மை விருந்தாளிகள் இருவரும் நனையாமல் தப்பிவிட்டார்கள். மூஸ் மானின் ஒரு கொம்பு மட்டும் மடங்கிப்போயிருந்தது. அம்மா அதை நீவி நிமிர்த்திவிட்டு, இருவரையும் முன் விறாந்தையில் அப்பாவின் சாய்மனைக் கதிரையில் இருத்தி வைத்திருக்கிறார்.

நிரோஜன், காலை 10:13
[படம்: சாய்மனைக் கதிரையில் மூஸ் மானும் வாத்தும், பின்னால் கொட்டும் மழை]

தர்ஷினி, மாலை 5:40
மகள் கயல் எழுந்து வந்ததும் படத்தைக் காட்டினேன். பல் துலக்காமல் துள்ளிக்கொண்டு நிற்கிறாள். கொம்பு உள்ளவனின் பெயர் மேப்பிள், நீண்ட கழுத்துக்காரியின் பெயர் பஞ்சு. இருவரின் கழுத்திலும் எண்ணும் எங்கள் முகவரியும் எழுதிய சீட்டுத் தொங்கும். வழி தவறினால் அதுதான் துணை என்பதால் தயவுசெய்து கழற்ற வேண்டாம். பெட்டிக்குள் ஒரு சிறு கொப்பியும் இருக்கும். பொம்மை தங்கும் வீட்டார், பொம்மையே எழுதுவதுபோல அதில் நாட்குறிப்பு எழுதி, ஊர் சுற்றிக்காட்டிப் படம் எடுத்து அனுப்பி, பிறகு அடுத்த வீட்டுக்கோ சொந்த வீட்டுக்கோ தபாலில் சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் இந்த விளையாட்டின் ஒழுங்கு. கடைசிப் பக்கத்தில் இருவரின் ஆசைகளையும் கயல் தன் கையால் எழுதியிருக்கிறாள்.

ஞானம் (லண்டன்), மாலை 6:04
இது நேற்று முளைத்த விளையாட்டல்ல. கனடாவில் உங்கள் ஒன்ராறியோவிலேயே 1995 இல் ஓர் ஆசிரியர் தம் மாணவர்களைக் காகிதத்தில் பொம்மை வெட்டவைத்து, அதைத் தபாலில் வேறு பள்ளிகளுக்கு அனுப்பவைத்தார். பிறகு அது பல நாடுகளுக்கும் பரவிவிட்டது. தோக்கியோவில் பொம்மைகளை மட்டும் சுற்றுலா கூட்டிச் செல்லும் நிறுவனம்கூட இருந்தது, அதுவும் கட்டணம் வாங்கிக்கொண்டு. வசந்தி அக்கா, நீங்கள் தலைக்கு எவ்வளவு கேட்கப் போகிறீர்கள்?

வசந்தி, மாலை 6:20
ஞானம், விருந்தாளியிடம் காசு கேட்கும் வழக்கம் உங்கள் லண்டனில் இருக்கலாம். தர்ஷினி, பஞ்சடைத்த பொம்மைக்கு விருந்தோம்பலா என்று நானும் காலையில் சிரித்தேன் என்பது உண்மைதான், ஆனால் மத்தியானம் அந்தக் கொப்பியை வாசித்த பின்னர் சிரிக்கவில்லை. மேப்பிள் இதற்கு முன் தங்கிய வின்னிபெக் வீட்டுக்காரர் எந்தப் பெரிய கட்டடத்தையும் பற்றி எழுதவில்லை. இரவில் காரின் எஞ்சின் உறைந்துபோகாமல் இருக்க அதை மின்சாரத்தில் செருகி வைப்பதையும், காலையில் வாசற்படிப் பனியை வாரி ஒதுக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதையும் எழுதியிருக்கிறார். ஊரைக் காட்டுவது என்றால் இப்படித்தான் காட்ட வேண்டும்.

நிரோஜன், இரவு 7:02
ஆசைப் பட்டியலில்தான் சிக்கல் இருக்கிறது, அக்கா. முதலாவது ஆசை புறாத்தீவில் பவளப்பாறை பார்ப்பது, இரண்டாவது திமிங்கிலம் பார்ப்பது, மூன்றாவது மானோடு படம் எடுப்பது, நான்காவது வெந்நீர் ஊற்று. முதல் இரண்டும் கடல் அடங்கிய மாதங்களுக்கு உரியவை. இப்போது வாடைக் காற்றில் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு ஒரு படகுகூட ஓடாது. என்னிடம் ஓகஸ்டில் எடுத்த படங்கள் இருக்கின்றன, அவற்றில் மேப்பிளையும் பஞ்சுவையும் கைத்தொலைபேசியிலேயே ஒட்டிவிடலாம். யாருக்கும் தெரியவராது.

வசந்தி, இரவு 7:09
எனக்குத் தெரியும்.

ஞானம் (லண்டன்), இரவு 7:30
பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று தம்பி சொல்கிறான், அக்கா. நீலக் கடலும் வெள்ளை மணலும்தானே திருகோணமலை என்று வெளியில் உள்ளவர்கள் நினைக்கிறார்கள்?

வசந்தி, இரவு 7:48
வெளியில் உள்ளவர்கள் வைகாசிக்கு வந்து ஆவணியில் போய்விடுவார்கள், ஞானம். ஐப்பசி தொடங்கித் தை வரையில் கொட்டுகிற மழையும், வள்ளங்களைக் கரையில் இழுத்துக் கவிழ்த்துவிட்டு வலை பொத்துகிற மனிதர்களும், தம்பலகாமத்து வயலின் பச்சையும் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. சம்பந்தர் கோணமாமலையைப் பாடிய பதிகத்தில் கடல் இரைந்துகொண்டே இருக்கிறது. அந்த இரைச்சலை ஓகஸ்டில் எங்கே போய்க் கேட்பது? மேப்பிள் குளிர்காலத்தில் வந்திருக்கிறான், ஆகவே எங்கள் மாரியைத்தான் பார்த்துவிட்டுப் போவான்.

டிசம்பர் 24

நிரோஜன், காலை 9:55
மழை சற்று ஓய்ந்ததும் விருந்தாளிகளை முதுகுப்பையில் தலை மட்டும் வெளியே தெரியும்படி வைத்து, மோட்டார் சைக்கிளில் கன்னியாவுக்குக் கொண்டுபோனேன். பெயர்தான் ஊற்றே தவிர அவை ஏழு சிறிய சதுரக் கிணறுகள்; ஒவ்வொன்றின் சூடும் வேறுவேறாக இருக்கும், கையை விட்டுப் பார்த்தால்தான் தெரியும். வெயில் காலத்தில் அங்கே வாளியால் அள்ளிக் குளிப்பவர்களை நான் வியந்து பார்ப்பதுண்டு, ஆனால் இன்று தூறலில் நடுங்கிக்கொண்டு போய் முதல் வாளியைத் தலையில் ஊற்றியபோது, இந்தக் கிணறுகள் மாரிக்காகவே உண்டானவை என்று தோன்றியது.

நிரோஜன், காலை 9:56
[படம்: கிணற்றுக் கட்டில் வாத்து, அருகில் நீலப் பிளாஸ்டிக் வாளி]

வசந்தி, காலை 10:10
கயலுக்குக் கதையையும் சொல்லிவிடு, தர்ஷினி. தாயின் அந்திமக் கிரியைக்குத் தண்ணீர் வேண்டும் என்று இராவணன் நிலத்தை ஏழு இடத்தில் குத்தியபோது பிறந்த கிணறுகள் அவை என்பார்கள். இன்றும் எங்கள் சனம் அந்தியேட்டி செய்ய அங்கேதான் போகிறது. ஆகவே பொம்மையைத் தண்ணீருக்குள் இறக்கி விளையாடாதே என்று இவனிடம் சொல்லித்தான் அனுப்பினேன்.

தர்ஷினி, மாலை 6:15
கயல் கேட்கிறாள்: "அம்மம்மா, பஞ்சுவின் கால் விரலையாவது நனைத்தீர்களா?" அவள் சொன்னது வேறு தமிழ், இந்தக் குழுவில் பெரியம்மாவின் சிவப்பு மைக்குப் பயந்து நான் திருத்தி எழுதுகிறேன்.

நிரோஜன், மாலை 6:31
ஒரு கால் விரல் மட்டும் நனைந்தது. அம்மா பார்க்கவில்லை.

வசந்தி, மாலை 6:33
அம்மா இந்தக் குழுவில்தான் இருக்கிறார்.

டிசம்பர் 25

நிரோஜன், காலை 8:47
பெருங்கவலையோடு எழுதுகிறேன். கோட்டை வாசலில், பாண்டியரின் இரட்டை மீன் செதுக்கிய கல்லின் அருகே இருவரையும் படம் எடுத்துவிட்டு, கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில், ஆலமரத்தடியில் புள்ளிமான்கள் படுத்திருப்பதைக் கண்டு மேப்பிளை மதிலில் வைத்தேன். கைத்தொலைபேசிக் கண்ணாடியில் விழுந்த மழைத்துளியைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பதற்குள், ஒரு பெட்டைமான் வந்து மேப்பிளின் சிவப்புக் கம்பளிக் கழுத்துத்துண்டைக் கவ்வி மெல்லத் தொடங்கிவிட்டது. நான் இழுக்க, அது இழுக்க, துண்டின் பாதி அதன் வாய்க்குள் போய்விட்டது. நல்லவேளையாக முகவரிச் சீட்டு என் கையில் மிஞ்சியது.

நிரோஜன், காலை 8:49
[படம்: மங்கலான மான், அதன் வாயில் சிவப்பு நூல்]

ஞானம் (லண்டன்), காலை 11:58
மூஸ் என்பதும் மான் குடும்பம்தான், அதிலேயே பெரியது. எட்டாயிரம் மைலுக்கு மேல் கடந்து வந்த சொந்தக்காரனை முகர்ந்து வரவேற்றிருக்கிறது, நீ என்ன இப்படிப் பதறுகிறாய்?

வசந்தி, மத்தியானம் 12:20
வரவேற்பு வேண்டாம். அந்த மான்கள் வாழைப்பழத் தோலும் தின்னும், பொலித்தீனும் தின்னும். கம்பளி நூல் வயிற்றுக்குள் போய் என்ன செய்யுமோ என்பதுதான் இப்போது என் கவலை. நிரோஜன், பின்னேரம் போய் அந்த மான் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வா.

நிரோஜன், மத்தியானம் 12:24
அம்மா, அங்கே ஒரே மாதிரியான மான்கள் பல நிற்கின்றன.

வசந்தி, மத்தியானம் 12:25
அதன் காதில் ஒரு கிழிசல் இருப்பது உன் படத்திலேயே தெரிகிறது.

தர்ஷினி, மாலை 7:05
இங்கே நத்தார்ப் பரிசுகளைப் பிரிப்பதை நிறுத்திவிட்டு, கயல் மான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். அழவில்லை. கழுத்துத்துண்டு போனால் போகட்டும், மானோடு படம் என்ற மூன்றாவது ஆசை நிறைவேறிவிட்டது என்று சரி அடையாளம் போட்டுவிட்டாள்.

டிசம்பர் 26

வசந்தி, காலை 6:40
விடியற்காலையில் சங்கும் சேமக்கலமும் கேட்டதும் இருவரையும் சன்னலில் வைத்தேன். மழையிலும் குடை பிடித்துக்கொண்டு திருவெம்பாவை பாடிப் போனார்கள். கடைசியில் நடந்த சிறுமி ஒருத்தி மேப்பிளைப் பார்த்துப் பாட்டை விட்டுவிட்டு நின்றாள், பிறகு தாய் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

நிரோஜன், காலை 7:15
இன்று காற்றுக் குறைவாக இருக்கிறது. நிலாவெளிக் கரைக்குக் கொண்டுபோய்ப் புறாத்தீவைத் தூரத்திலிருந்தாவது காட்டலாமா, அம்மா?

வசந்தி, காலை 7:22
இன்று வேண்டாம். 2004 இல் இதே நாள் காலையில்தான் கடல் ஊருக்குள் வந்தது. கரையில் இன்றைக்கு விளக்கு ஏற்றுகிறவர்கள் நிற்பார்கள்; அவர்கள் நடுவில் நாங்கள் பொம்மையை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு நிற்கக்கூடாது. பொம்மைகள் வீட்டில் இருக்கட்டும். எனக்கும் தையல் வேலை இருக்கிறது.

வசந்தி, மாலை 4:50
[படம்: சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கழுத்துத்துண்டு, மேலே குரோசே ஊசி]

வசந்தி, மாலை 4:58
இந்த மழைக்குள் சிவப்புக் கம்பளி நூல் தேடிக் கடைக்கு அலைய என்னால் முடியாது. அலுமாரியின் அடித்தட்டில் நிரோஜன் பிறந்தபோது நான் பின்னிய மஞ்சள் தொப்பி இருந்தது. அதைப் பிரித்து, மான் விட்டுவைத்த சிவப்பின் ஓரத்தில் கோத்துப் பின்னிவிட்டேன். பல வருடம் மடிந்து கிடந்த நூலாகையால் சுருள் நிமிரவில்லை, ஆகவே ஈரத் துணி போட்டு மெதுவாக இஸ்திரிக்கை வைத்தேன். இரண்டு நிறமும் சேருகிற இடம் எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை.

தர்ஷினி, மாலை 6:30
பெரியம்மா, அந்தத் தொப்பியையா பிரித்தீர்கள்?

வசந்தி, மாலை 6:34
அவன் தலை இப்போது அதற்குள் போகாது.

டிசம்பர் 28

நிரோஜன், காலை 11:20
நிலாவெளிக்குப் போய்வந்தோம். புறாத்தீவு 2003 இல் தேசியப் பூங்காவான இடம் என்று கொப்பியில் எழுதினேன். ஆனால் எங்களுக்குத் தெரிந்தது மழைத் திரைக்குப் பின்னால் கரிக்கோட்டால் கீறியதுபோல ஒரு மேடு மட்டும்தான். அலை பனையின் அரைவாசி உயரத்துக்கு எழும்பியது என்று எழுதப் போனேன், அம்மா அடித்துவிட்டு "ஆள் உயரம்" என்று திருத்தினார். பஞ்சு நன்றாக நனைந்துவிட்டாள். கொடியில் போட்டால் மாரியில் ஒரு கிழமையானாலும் காயாது என்பதால், குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் சூடு வரும் இடத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். அதையும் படம் எடுத்து, வின்னிபெக்காரரின் கார் எஞ்சினுக்கு எங்கள் பதில் என்று கீழே எழுதினேன்.

ஞானம் (லண்டன்), பின்னேரம் 2:10
அடுத்த குளிர்காலத்துக்கு இருவரையும் எனக்கு அனுப்புங்கள். இங்கே வடக்கில் ஹார்ட்டில்பூல் என்ற துறையில் எங்கள் ஊரின் பெயரையே தாங்கிய பழைய போர்க்கப்பல் நிற்கிறது. 1817 இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டியது, இன்றும் மிதக்கிறது. திருகோணமலையைப் பார்த்தவர்கள் திருகோணமலையில் ஏறியும் பார்க்கட்டும்.

தர்ஷினி, மாலை 7:12
கயல் சம்மதம் சொல்லிவிட்டாள். ஆனால் அவளுக்கு இன்றைக்கு ஒரேயொரு கேள்விதான் இருக்கிறது: "காது கிழிந்த மானுக்கு வயிற்றுவலி வந்ததா?"

நிரோஜன், இரவு 8:03
கயல், நேற்றும் போனேன், இன்றும் போனேன். நேற்றுத் தென்படவில்லை என்பதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இன்று பின்னேரம் கோட்டை வாசலுக்கு உள்ளே, கடலைக்காரரின் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்று, யாரோ போட்ட வாழைப்பழத் தோலை மென்றுகொண்டிருந்தது. என் முதுகுப்பையை முகர்ந்து பார்த்தது. மேப்பிளைக் கொண்டுபோகவில்லை.

நிரோஜன், இரவு 8:04
[படம்: கிழிந்த காதுள்ள மான், வாயில் வாழைப்பழத் தோல்]