மாமாவின் சாக்ஸும் போர்க் கவிதையும்

அஸ்தம்பட்டியிலிருந்து:

கவிதை படித்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்த ஒரு மனிதரைப் புரிந்துகொண்ட அனுபவம் யாருக்காவது உண்டா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு உண்டு.

என் தாய்மாமா 1999இல் கார்கிலில் இருந்தவர். அதைப் பற்றி வாயே திறக்காத ஆள் இல்லை. கல்யாணப் பந்தியில்கூடப் பேசுவார், ஆனால் எல்லாம் "ஏறுனோம், சுட்டோம், புடிச்சோம்" என்றுதான் இருக்கும். தீபாவளிக்கு மட்டும் சேலத்தில் தங்கமாட்டார். முந்தின நாளே ஏற்காடு பஸ் ஏறிவிடுவார். மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் அவருடைய சிநேகிதர் மேஸ்திரியாக இருக்கிறார், அவர் வீட்டில் தங்கல். குளிர்ச்சிக்காகப் போகிறார் என்றுதான் அத்தை உட்பட எல்லோரும் நினைத்தோம். பட்டாசு என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அந்தக் குளிரிலும் வெறும் செருப்புதான் போடுவார். அத்தை வாங்கித் தந்த கம்பளி சாக்ஸ் பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடக்கும்.

இரண்டு வருஷம் முன்னால் நானும் கூடப் போனேன். அப்போது எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன், கையில் ஆங்கிலக் கவிஞர் சைமன் ஆர்மிட்டேஜின் 'ரிமெய்ன்ஸ்' என்ற கவிதை. அவர் ராணுவத்தில் இருந்தவர் இல்லை, ஈராக்கின் பாஸ்ராவில் பணியாற்றிய ஒரு பிரிட்டிஷ் சிப்பாய் சொன்னதைக் கேட்டு எழுதியது. கொள்ளையடித்து ஓடுகிற ஒருவனை மூன்று பேர் சுடுகிறார்கள். அவன் கையில் ஆயுதம் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். ஊருக்குத் திரும்பிய பிறகும் கண்ணை மூடினால் அவன் வருகிறான். "நாங்கள்" என்று தொடங்குகிற பாட்டு, முடியும்போது ரத்தம் "என் கையில்" இருக்கிறது. வாசலில் உட்கார்ந்து மாமாவுக்கு இதைத் தமிழில் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "16,000 அடிக்கு மேல மாப்ள. கால் நனைஞ்சு போச்சு, வெரல் இருக்கறதே தெரியல. அங்க ஒருத்தன் செத்துக் கெடந்தான், நல்ல சாக்ஸ் போட்டிருந்தான். கழட்டுனேன். ஒண்ணு வந்துருச்சு, இன்னொண்ணு கால்ல ஒட்டிக்கிட்டு வரல, இழுத்தேன்" என்றார். பேசும்போது வலது கால் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

சுட்டதெல்லாம் இன்றைக்கும் "சுட்டோம்"தான். "கழட்டுனேன்" மட்டும்தான் ஒருமை. போர் என்றால் கொன்றதுதான் உறுத்தும் என்று நான் நினைத்திருந்தேன், அவருக்கு உறுத்தியது அந்த இன்னொரு சாக்ஸ்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

படித்துவிட்டு வேலை ஓடவில்லை. நான் தமிழாசிரியர். நம் புறப்பாடல்களில் விழுப்புண் பெருமையும் முதுகுப் புண்ணின் வெட்கமும் நிறைய உண்டு. கொன்றவனின் உறுத்தல் அரிது, இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. முதல் உலகப் போரில் சண்டையிட்ட ஆங்கிலக் கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன் பாட்டில் நச்சுப்புகையில் மூழ்குகிறவனை முகமூடியின் பச்சைக் கண்ணாடி வழியாகப் பார்த்தவன், பிறகு எல்லாக் கனவிலும் அவனையே பார்க்கிறான். இன்னொரு பாட்டில் செத்தவனே வந்து, நீ கொன்ற எதிரி நான்தான் நண்பா என்கிறான். போர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, 1918 நவம்பர் 4 அன்று, 25 வயதில் ஓவனும் செத்துப்போனார்.

ஆனால் முல்லைப்பாட்டை எடுத்துப் பாருங்கள். பத்துப்பாட்டில் சிறியது, 103 அடிதான். பாசறையில் அரசனுக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு கை படுக்கையில், ஒரு கை தலையில். புண்பட்டுத் தன் பெண் யானையை மறந்த களிறு, தின்ற சோற்றுக்கு உயிரைக் கொடுத்துப் போனவர்கள், அம்பு தைத்துக் காதைச் சாய்த்துக்கொண்டு தீனி தின்னாத குதிரை, ஒவ்வொன்றாக நினைக்கிறான். இதைக் குற்ற உணர்ச்சி என்று நான் சொல்லமாட்டேன். தூங்காத இரவு, அவ்வளவுதான். உங்கள் மாமாவுக்கு வாசித்துக் காட்டுங்களேன்.

அஸ்தம்பட்டியிலிருந்து:

ஐயா, நன்றி. நேற்று ராத்திரி வாசித்தேன். யானைக்கும் வீரர்களுக்கும் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். குதிரை வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"அந்தக் குதிர அப்புறம் தின்னுச்சா?"

பாட்டில் அது இல்லை என்றேன். இன்னொரு தடவை வாசி என்றார்.